தோற்பதற்கென்று ஓர் ஆள்

“எமனே நேர்ல வந்து டெண்டர் போட்டாலும் நான் ரெண்டாவதாத்தான் வருவேன். பதினேழு வருசம்! ஒண்ணு, ஒரே ஒண்ணு ஜெயிச்சிருக்கேனா? யாரை வேணா கேளுங்க. ஃபாரத்துல கடைசிப் பக்கத்துல என் கையெழுத்தைப் பாத்தவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. இனிமேலும் பாக்க மாட்டான்!”

2014ஆம் ஆண்டு ஆவணி மாதம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மைக்கைக் கையில் வாங்கி இப்படி முழங்கியவர் கடலூர் முதுநகர் ஆ. மரியலூர்து. காண்ட்ராக்டர் வைத்திலிங்கம் தமது நூறாவது வேலையை முடித்ததற்காகக் கொடுத்த விருந்து அது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு மனிதர் தம் தோல்விகளை அடுக்கிச் சொல்ல, கேட்டவர்கள் கண் கலங்கிக் கைதட்டுவது தமிழ்நாட்டில் அபூர்வம். தேர்தல் முடிவு வெளியாகும் நாளில்கூட நடக்காது.

கைதட்டியதற்குக் காரணம் உண்டு. நகராட்சிக்கு ஒரு சாக்கடை கட்ட வேண்டியிருந்தால் ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ஆபீஸ் பாஷையில் அவர் எல்-ஒன். அடுத்து வருபவர் எல்-டூ. ஆனால் ஒரே ஒருவர்தான் புள்ளி கொடுத்தார் என்றால், போட்டி இல்லை என்று ஒத்திவைத்துவிடுவார்கள். சனநாயகத்தில் போட்டி முக்கியம். ஆகவே ஜெயிக்க வேண்டியவர், தமக்கான போட்டியையும் கட்டுச்சோறு மாதிரி வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. அப்படி எடுத்துவரப்பட்ட போட்டிதான் மரியலூர்து. ஊரில் அவருக்கு எல்-டூ லூர்து என்றே பெயர்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பாசஞ்சர் ரயில் நிற்கிற ஊர்களில் ஒன்றில் அந்த நகராட்சி இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வருத்தப்படுவார்கள். சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊர்தான் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். பின்னதே சமத்துவம்.

மரியலூர்து தோற்பதற்காகப் பிறந்தவர் அல்லர். முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருடம் பாளம் தள்ளி, சேர்த்த பணத்தில் 1997இல் ஐந்தாம் நிலை ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்டார். ஒரு சாக்கடை கட்ட வேண்டும், அதன் ஓரத்தில் தம் பெயரும் வருடமும் சிமெண்டில் பதிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. நியாயமான விலையைப் போட்டு, உறையை ஒட்டி, டெண்டர் பெட்டியை நோக்கி நடந்தார். பெட்டிக்கு நான்கடி முன்னால் ஒரு கை அவருடைய முழங்கையைப் பிடித்தது.

“தம்பி யாரு?”

“முதுநகருங்க.”

“சாப்ட்டாச்சா?”

அது வைத்திலிங்கம். அரசாங்கமும் அறநூல்களும் எதிர்பார்க்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். அம்மா செத்துப்போன பிறகு மரியலூர்தைப் பார்த்து அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. வெள்ளை அம்பாசிடரில் சிதம்பரம் போனார்கள். கீழ வீதி மெஸ்ஸில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் வந்தன. “மொத டெண்டரே ஜெயிச்சா கண்ணு பட்டுரும்யா. இந்த ஒண்ணை எனக்கு வுட்டுடு,” என்றார் வைத்திலிங்கம். அந்த ‘ஒண்ணு’ இருபத்தேழு வருடம் ஓடியது.

பெண் பார்த்த இடத்திலும் அவர் எல்-டூதான். முதுநகர் வியாகுலமேரியைப் பார்க்கப் போன அதே ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில், சிப்காட்டில் வேலையிலிருந்த இன்னொருவரும் வந்து காபி சாப்பிட்டுப் போயிருந்தார். பெண் வீட்டார் எழுத்துமூலமாக எதுவும் தெரிவிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. மரியலூர்து போய் மொய் வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்தார். மறு ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை.

தோற்பது எளிது என்று நினைப்பவர்கள் தோற்றுப் பார்க்காதவர்கள். அநியாயமாக அதிக விலை போட்டால் ஆடிட்காரர் மோப்பம் பிடிப்பார். ரொம்ப ஒட்டிப் போட்டால் ஜெயிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும். மரியலூர்தின் தோல்வியில் ஒரு பதம் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு, ‘பாவம், கொஞ்சத்துல போச்சே’ என்று தோன்றும். அதற்கும் மேலே அவர் ஒரு காப்பு வைத்திருந்தார். ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடவேண்டும். அவர் எல்லாப் பக்கத்திலும் போடுவார். கடைசிப் பக்கத்தில் மட்டும் போடமாட்டார்.

அந்தக் காப்பின் அருமை 2006இல் வெளிப்பட்டது. பெட்டியைத் திறந்து உறைகளைப் பிரித்தபோது வைத்திலிங்கம் டெபாசிட்டுக்கு வைத்திருந்த பேங்க் டிராஃப்ட் காலாவதியாகியிருந்தது. அதிகாரி அவருடைய புள்ளியைத் தள்ளுபடி செய்தார். அன்று மீதியிருந்த ஒரே புள்ளி மரியலூர்துடையது. ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் அவர் காண்ட்ராக்டராக வாழ்ந்தார். சுவரோரம் நின்ற வைத்திலிங்கத்தின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. மரியலூர்து தாமே எழுந்து, “சார், என் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. கையெழுத்து இல்ல,” என்றார். அதுவும் தள்ளுபடி. பதினைந்து நாள் கழித்து மறு டெண்டரில் வைத்திலிங்கம் ஜெயித்தார். அன்று காரில் போகும்போது, “ஏன்யா போடாம வுட்ட?” என்று அவர் கேட்டதற்கு, “நான் எப்பவுமே போடறதில்லண்ணே,” என்றார் மரியலூர்து. சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் வைத்திலிங்கம் மெஸ்ஸில் தம் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

தோல்விகள் நிகழ்ந்த இடம் நகராட்சி அலுவலக வராந்தா. அங்கே ஒரு தேக்கு பெஞ்சு உண்டு. நான்கு பேர் உட்காரலாம். ஒரு காலில் சற்று ஆட்டம். டெண்டர் திறக்கும் நாள்களில் இடது ஓரம் வைத்திலிங்கம், அடுத்து மரியலூர்து, அடுத்து, மூன்றாவதாகத் தோற்கும் தேவசகாயம், கடைசியில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து பஸ் ஏறி வந்து நான்காவதாகத் தோற்கும் தங்கராசு. மூன்று மணிக்குத்தான் பெட்டி திறப்பார்கள். அதிகாரி ஐந்து மணிக்குத்தான் வருவார். அதுவரை பேச்சு.

“மச்சான், இன்னிக்கு எவ்வளவுல தோக்கற?”

“நாலு பர்சென்ட்டு. நீ?”

“ஏழு.”

“ஏழா? ஜாஸ்திடா. மூஞ்சில கொஞ்சமாச்சும் வருத்தம் தெரியணும்ல?”

தேவசகாயம் உடனே மூஞ்சியில் வருத்தம் காட்டுவார். பெஞ்சு குலுங்கும். ஆட்டம் கண்ட கால் டக்டக்கென்று தாளம் போடும். உள்ளே மேசையிலிருந்து எழுத்தர் திலகவதி, “அண்ணே, கொஞ்சம் மெதுவா தோக்குறீங்களா? கணக்குக் கூட்ட எனக்கு வரமாட்டேங்குது,” என்பார்.

மரியலூர்தின் வாழ்க்கையில் உறவினர் கூட்டம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்த பெஞ்சில் நடந்ததுதான்.

பிறகு ஊழலை ஒழித்தார்கள். டெண்டர் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. பெட்டி இல்லை, உறை இல்லை, வராந்தாவும் இல்லை. ஒப்பந்ததாரர் ஒவ்வொருவருக்கும் மின்கையெழுத்துச் சாவி ஒன்று தந்தார்கள், விரல் நீளத்தில். அதற்குள் வைத்திலிங்கம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்திருந்தார். தொழில் மகன் வினோத்குமார் கைக்கு வந்திருந்தது. மரியலூர்தின் சாவி, தங்கராசின் சாவி, இன்னும் இரண்டு பேர் சாவி, எல்லாமே சிதம்பரத்தில் வினோத்குமாரின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி வினோத்குமார் ஐந்து பேராகப் போட்டியிட்டு, நான்கு பேராகத் தோற்று, ஒருவராக ஜெயித்தார். முன்னேற்றம் என்பது இதுதான்.

மின்கையெழுத்துக்குக் கடைசிப் பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு தட்டு தட்டினால் எல்லாப் பக்கத்திலும் விழுந்துவிடும். கையெழுத்துப் போய் வந்துகொண்டிருந்தது. கையெழுத்துக்காரர் முதுநகரில், ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தார். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ஃபோன் அடிக்கும்.

“மாமா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

ஆறே எண்கள். அவற்றைச் சொல்ல மரியலூர்து எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சிறு பாலத்துக்கு எஸ்டிமேட் போட்டுவிடலாம்.

“அஞ்சு... அப்புறம்... அங்க மழ எப்படி தம்பி?”

“இல்ல மாமா. அஞ்சு, அப்புறம்?”

“ரெண்டு. இங்க நேத்து ராத்திரி நல்ல மழ. அப்பா எப்படி இருக்காரு?”

“இருக்காரு. மாமா, டைம் போயிடும்!”

“எட்டு. கண்ணாடி போட்டுக்கறேன் இரு.”

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருக்கும். கடைசி எண்ணைச் சொன்ன மறுகணம் ஃபோன் கட் ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனவே கடைசி எண்ணில் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் வரும். “ஒண்ணா ஏழான்னு தெரியலியே தம்பி.”

தேவசகாயம் கொரோனா வருடத்தில் போய்விட்டார். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. மரியலூர்து பதினொன்றாவது ஆளாகக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார்.

சென்ற ஆண்டு நகராட்சிக்குப் புதுக் கட்டடம் வந்தது. கட்டியவர் வினோத்குமார், எல்-டூ மரியலூர்து. பழைய கட்டடத்துச் சாமான்களை ஏலம் விடப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வெளியானது. மரியலூர்து பத்திரிகையில் டெண்டர் பக்கத்தை மட்டும் படிப்பவர். கலெக்டர் மாறியது தெரியாது, மந்திரிசபை மாறியதை இரண்டு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டார். ஆனால் எந்த ஊரில் எந்தச் சந்தைக்கு ஏலம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அன்று இரும்பு பீரோக்களுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் கீழே வரிசை எண் 14 இப்படி இருந்தது: ‘தேக்கு மர நீள பெஞ்சு, ஒரு கால் பழுது — 1.’

அவர் அதை மூன்று முறை படித்தார். மறுநாள் ரயில் ஏறிப் போய்த் திலகவதியிடம் விசாரித்தார்.

“யாரும் கேக்கலைன்னா அது என்னம்மா ஆவும்?”

“வெறகு கணக்குல சேத்துருவாங்கண்ணே. பழைய மரம் எடுக்கறவரு அறுத்துத் தூக்கிட்டுப் போயிருவாரு.”

“நான் கேட்டா?”

திலகவதி நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடமாக அவருடைய படிவங்களை வாங்கியவர் அவர். “கேளுங்கண்ணே. ஆனா ரெண்டு பேராவது கேக்கணும். ஒத்த ஆளுன்னா ஒத்திவச்சிருவாங்க. ஒங்களுக்குத் தெரியாததா? ஏலம் தொடங்கறதுக்குள்ள ரெண்டாவது ஆளும் டெபாசிட் கட்டியிருக்கணும்.”

“நீயே கட்டிரேம்மா.”

“நான் ஸ்டாஃபுண்ணே. கேக்கக் கூடாது.”

இது கொள்முதல் அல்ல, விற்பனை. அதிக விலை கேட்டவருக்கே பொருள். அதாவது, இத்தனை வருடமாகத் தோற்ற அதே முறையில் கேட்டால் இங்கே ஜெயித்துவிடலாம். தொழில்நுட்பரீதியாக மரியலூர்துக்கு ஒரு சிரமமும் இல்லை. வேண்டியிருந்ததெல்லாம் ஓர் எல்-டூ. கடலூர் மாவட்டத்துக்கே எல்-டூவாக இருந்தவருக்கு ஓர் எல்-டூ கிடைக்காமலா போய்விடும்?

டீக்கடையில் நின்ற யாரையாவது பிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். அவர் அதை நினைத்தும் பார்க்கவில்லை. தோற்பது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய காரியம். வழிப்போக்கரிடம் ஒப்படைக்க முடியாது.

முதலில் வினோத்குமாரைக் கூப்பிட்டார்.

“பெஞ்சா? எதுக்கு மாமா? போன்லயே நல்ல சோஃபா புக் பண்ணி அனுப்பறேன். வீட்டு வாசல்லயே வந்து எறங்கும்.”

“சோஃபா வேணாம் தம்பி. நீ வந்து ஒரு வார்த்த கேட்டுட்டு வுட்டுட்டா போதும். அஞ்சு நிமிசம்.”

“எனக்கு எங்க மாமா நேரம்? ஆன்லைன்ல இருந்தா தட்டி வுட்டுருவேன். நேர்ல எல்லாம் இப்ப யாரு வரா? ஆங், நல்லவேளை நீங்களே கூப்ட்டீங்க. ஓடிபி வந்திருக்கும் பாருங்க.”

மரியலூர்து சொன்னார். அன்றைக்கு மட்டும் ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்து தங்கராசு. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில்லோடு இருந்தார். ஃபோனில் இயந்திரத்தின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

“யாரு? லூர்தா? உசுரோட இருக்கியா மச்சான்?”

“இருக்கேன்டா. நம்ம பெஞ்சு அடுத்த வாரம் ஏலத்துக்கு வருது. வந்து கொஞ்சம் தோத்துட்டுப் போறியா?”

“எந்த பெஞ்சு?”

“வராந்தாவுல... ஆடுமே.”

“ஓ, அதுவா! இன்னுமா அத வச்சிருக்கானுங்க? அடுத்த வாரமா? நெல்லு வந்து குமியுது மச்சான். ஆளு இல்ல. பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

தமிழில் ‘பாக்கறேன்’ என்பது முழுமையான பதில்.

ஏலத்தன்று இரும்புக்கும் மின்விசிறிக்கும் கூட்டம் அடித்துக்கொண்டது. பழைய இரும்புக்காரர்கள் ஒவ்வொருவரும் தம் தம் போட்டியைக் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். வரிசை எண் 14 வந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். முறைப்படி மூன்று தரம் கூப்பிட்டார்கள். மரியலூர்து மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ‘ஒருவரே வந்தபடியால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று திலகவதி எழுதினார். மறு ஏலம் பதினைந்து நாள் கழித்து.

அன்று வீடு திரும்பாமல் அவர் நேராகச் சிதம்பரம் போனார்.

வைத்திலிங்கம் மாடியறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. மரியலூர்தைப் பார்த்ததும் அந்தப் பெரிய முகம் விரிந்தது.

“யோவ் லூர்து! சாப்ட்டாச்சா?”

கேள்வி அதேதான். மரியலூர்து பெஞ்சு விஷயத்தைச் சொன்னார். வண்டி வைத்துக் கூட்டிப்போய், கைத்தாங்கலாக உட்கார வைத்து, அரை மணியில் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். “நீங்க ஒரு வெல கேளுங்கண்ணே. நான் மேல கேக்கறேன். நீங்க வுட்டுடுங்க. அவ்வளவுதான்.”

“வுட்டுடறதா?”

“ஆமாண்ணே.”

“அப்ப நான் தோக்கணும்.”

“சும்மா பேருக்குண்ணே. பெஞ்சுதான?”

வைத்திலிங்கம் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். “நாப்பது வருசத்துல நான் கை வச்ச எடத்துல வுட்டதில்ல லூர்து. இப்ப போயி நின்னா ஊர்ல என்னய்யா பேசுவானுங்க? வைத்திலிங்கம் ஒடஞ்ச பெஞ்சைக்கூட எடுக்க முடியாம போயிட்டான்னு பேசமாட்டானுங்க?”

“நான் தோத்தேனேண்ணே. இருபத்தேழு வருசம்.”

“நீ தோத்தா யாருக்குய்யா தெரியும்?”

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னார். மரியலூர்து யோசித்துப் பார்த்தார். அந்தக் கணக்கில் பிழை எதுவும் தென்படவில்லை.

“அதும் சரிதாண்ணே,” என்றார்.

“இருய்யா, சாப்ட்டுட்டுப் போலாம்.”

“சாப்ட்டுட்டேண்ணே.”

வைத்திலிங்கத்திடம் அவர் சொன்ன முதல் பொய் அது. கீழ வீதியில் பழைய மெஸ் இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை இருந்தது. ரயிலில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது ஏலத்திலும் மரியலூர்து ஒருவரே. “இன்னிக்காவது யாராச்சும் வராங்களாண்ணே?” என்று திலகவதி மணி ஆனபிறகும் கால்மணி நேரம் பேனாவைத் திறக்காமல் காத்திருந்தார். வாசலில் நாய் ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. அது டெபாசிட் கட்டியிருக்கவில்லை.

இரண்டு முறையும் ஒரே ஆள் வந்தால், அந்தக் கேட்பை ஏற்பதா வேண்டாமா என்பதை நகர்மன்றம் முடிவு செய்யும். ஏற்காவிட்டால் விறகுதான். அந்த மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் அறுபத்திரண்டு பொருள்கள் இருந்தன, பெஞ்சு நாற்பத்தேழாவது. மரியலூர்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். வரிசையில் இருபது இரும்பு நாற்காலிகள். மற்ற பத்தொன்பதும் காலி.

முதல் ஒன்றரை மணி நேரம் தெருநாயில் போயிற்று. பிறகு ஒரு கவுன்சிலர் தம் வார்டுக் குழாயில் வந்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து தலைவர் இளமதியின் மேசையில் வைத்து, குடிக்கச் சொன்னார். தலைவர், ஆணையரைக் காட்டினார். ஆணையர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் விடுப்பில் இருந்தார். பாட்டில் அப்படியே இருந்தது.

“பொருள் பன்னெண்டுல இருந்து அறுபத்திரண்டு வரைக்கும்...” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“ஆல் பாஸ்! ஆல் பாஸ்!” என்று ஒரு பக்கத்து வரிசை மேசையைத் தட்டியது.

மரியலூர்து மூச்சை விட்டார். விட்ட மூச்சு திரும்புவதற்குள் எதிர்வரிசையில் கவுன்சிலர் செந்தமிழ்செல்வன் எழுந்துவிட்டார். அஜெண்டாவை யாரும் படிப்பதில்லை என்ற பொதுநம்பிக்கையைக் குலைப்பதற்காகவே மாதம் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வருபவர் அவர். இந்த மாதத்துப் பக்கத்தில் நாற்பத்தேழு இருந்தது.

“நாப்பத்தேழைப் பாருங்க! ரெண்டு வாட்டி ஏலம், ரெண்டு வாட்டியும் ஒரே ஆளு! போட்டியே இல்ல! இது எப்படிங்க நடந்துச்சு? யாரு இந்த மரியலூர்து? யாரோட பினாமி?”

கால் நூற்றாண்டில் அந்த மன்றத்தின் முன் மரியலூர்தின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் வந்துபோயிருந்தன. எதன்மீதும் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சொந்த ஆசையில், சொந்தக் காசில், ஒருவரும் சொல்லிவைக்காமல் கேட்ட முதல் கேட்பு இது.

“அது பெஞ்சுங்க,” என்றார் தலைவர்.

“பெஞ்சா இருந்தா என்ன? பெஞ்சுக்குப் பின்னாடி யாரு இருக்கா? ஆளு யாருன்னு தெரியாம வுட முடியாது. அறுத்து வெறகா வித்தாலும் விப்போமே தவிர...”

மரியலூர்து எழுந்து நின்றார். தாம்தான் அந்த ஆள் என்று சொல்ல வாயைத் திறந்தார். “பார்வையாளர் பேசக் கூடாதுங்க, உக்காருங்க,” என்றார் ஊழியர் ஒருவர். உட்கார்ந்தார். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள மன்றம் பார்வையாளர் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் இல்லை. இருபது நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தது.

செந்தமிழ்செல்வன் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு, ஏதோ கொஞ்சம் கூச்சமாக, “எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்குங்க,” என்று சொல்லி வெளிநடப்புச் செய்தார். வெளியே டீ தயாராக இருந்தது. “ஆல் பாஸ்,” என்றது மீதி மன்றம். அறுபத்திரண்டு பொருளும் நிறைவேறின. தேசியகீதத்துக்கு மரியலூர்தும் எழுந்து நின்றார்.

மறுநாள் பழைய கட்டடத்தில் திலகவதி மட்டும் கடைசிக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வராந்தாவில் பெஞ்சு இருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் நான்கு எண்ணெய்த் தலைகளின் கறை, உட்கார்ந்த வரிசையில், உயரம் உயரமாக இருந்தது. மரியலூர்து இடது ஓரத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தார். கால் டக்கென்று ஒருமுறை சொன்னது.

“தூக்க ரெண்டு பேர் வேணுமேண்ணே. யாரு வராங்க?”

“மினி லாரிக்காரரு ஒரு பக்கம் புடிப்பாரும்மா. ரெண்டாவது ஆளுதான் நான் இருக்கேனே.”

திலகவதி ஒப்பந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பக்கம். மரியலூர்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், இரண்டாவதில் போட்டார், மூன்றாவதில் போட்டார், பேனாவை மூடினார்.

 பத்தொன்பது வருடப் பழக்கம் திலகவதிக்கும் தெரியும். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கோடு இருந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுலயும் போட்டுட்டா...”

“ஒங்களுக்குத்தாண்ணே.”

“வேற யாரும் கேக்கலியேம்மா?”

“வேற யாரும் இல்லண்ணே.”

மரியலூர்து வலது பக்கம் திரும்பி, காலியாகக் கிடந்த இரண்டு இடங்களையும் பார்த்தார். இடது பக்கமும் பார்த்தார். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், கோட்டுக்கு மேலே, தம் பெயரை முழுதாக எழுதினார்.